ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கணக்கிலேயே நிலைத்தன்மையைக் கொண்டுவர முடியுமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் யோசனை சொல்லுங்கள்

கேள்வி: பாலக்கோடு ஆசிரியை

வணக்கம். தருமபுரிப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் இருக்கிறேன். இரண்டாம் ஆண்டுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் (தண்ணீர், காற்று போன்றவை பாய்வதைப் பற்றிய பாடம்) எடுக்கிறேன், பம்ப் லேபும் என் பொறுப்புதான். எல்லாப் பாடத்திலும் நிலைத்தன்மை (சஸ்டெய்னபிலிட்டி) வர வேண்டும், உங்கள் பாடத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என எச்.ஓ.டி. கேட்டிருக்கிறார்.

இது வழக்கமாக எப்படி முடியும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். பாடத்தின் இலக்குகளை (சி.ஓ.) பட்டப்படிப்பின் இலக்குகளோடு (பி.ஓ.) பொருத்திக் காட்டும் மேப்பிங் அட்டவணையில் ஏழாவது பி.ஓ.வுக்கு நேராக எல்லாப் பாடத்துக்கும், கொஞ்சம் தொடர்பு உண்டு என்ற பொருளில், 1 என்று போட்டுவிடுவார்கள். எங்கள் ஃபைல் இன்னும் பழைய 12 பி.ஓ. பட்டியலில்தான் ஓடுகிறது, அதில் ஏழாவதுதான் சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும். கட்டம் நிறையும், வகுப்பில் ஒன்றும் மாறாது. எனக்கு அப்படிச் செய்ய மனமில்லை.

தனிப்பாடம் ஏற்கெனவே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக 2021 ரெகுலேஷனில் சுற்றுச்சூழல் அறிவியலும் நிலைத்தன்மையும் என்று 2 கிரெடிட். பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஐ.நா.வின் 17 இலக்குகளையும் வரிசை மாறாமல் சொல்வார்கள். அதே பிள்ளைகள் என் வகுப்பில் சென்ட்ரிஃபியூகல் பம்ப் கணக்குப் போடும்போது அந்தப் பாடம் நினைவுக்கே வருவதில்லை. ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) 25 மீட்டர், டிஸ்சார்ஜ் (நொடிக்கு வரும் தண்ணீர்) இவ்வளவு, எஃபிஷியன்சி (செயல்திறன்) என்ன? 62 சதவீதம். அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். மீதி 38 எங்கே போனது, யார் அதற்குப் பணம் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் கேள்வித்தாளில் அது இல்லை.

என் வகுப்பில் பெரும்பாலும் மாரண்டஅள்ளி, பென்னாகரம், காரிமங்கலம் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். பலர் வீட்டில் முதல் பட்டதாரி. தக்காளி, மா, மல்பெரி, கறவை மாடு என்று ஏதாவது ஒன்றில்தான் குடும்பம் ஓடுகிறது. போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனதால் வந்த கடன் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். இவர்களிடம் எங்கோ உருகும் பனிப்பாறையின் படத்தைக் காட்டி நிலைத்தன்மை நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சிலபஸ் முடிக்கவே நேரம் இழுத்துப் பிடிக்கிறது. பல்கலைக்கழகக் கேள்வித்தாள் என் கையில் இல்லை. உள் மதிப்பீட்டு 40 மதிப்பெண் மட்டும்தான் என் கையில். இந்த எல்லைக்குள் உண்மையாக ஏதாவது செய்ய முடியுமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் கணக்காகவே சொல்லுங்கள். கொள்கை அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பதில் 1: காரிமங்கலம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. புதிதாக ஒரு யூனிட்டும் சேர்க்க வேண்டாம். நடத்துகிற கணக்கிலேயே எண்களை நம் ஊர் எண்களாக மாற்றுங்கள், கடைசியில் ஒரு உட்பிரிவு கூட்டுங்கள். நான் பாலிடெக்னிக்கில் வெகுகாலம் அப்படித்தான் எடுத்தேன்.

ஒரு கணக்கு தருகிறேன். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஏக்கர் 4,047 சதுர மீட்டர், அங்குலம் 25.4 மில்லிமீட்டர், பெருக்கினால் சுமார் 103 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். மோட்டார் ஓடும்போது போரில் தண்ணீர் 150 மீட்டரில் நிற்கிறது, நம் கணக்கில் ஏறத்தாழ 500 அடி. மோட்டாரும் பம்பும் சேர்ந்த எஃபிஷியன்சி 40 சதவீதம். எத்தனை யூனிட் மின்சாரம்?

ஒரு கன மீட்டரை 150 மீட்டர் தூக்க 0.41 யூனிட். நாற்பது சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1 யூனிட். ஆக ஓர் அங்குலத் தண்ணீருக்கு 105 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பது 100 யூனிட். பையன்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் போதும், நீங்கள் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இதே தண்ணீரை 50 அடித் திறந்த கிணற்றிலிருந்து இறைத்திருந்தால் 10 யூனிட்டில் வேலை முடிந்திருக்கும். தாத்தா காலத்துக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பத்து மடங்கில் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகள் போரின் ஆழத்தையே ஹெட்டாகப் போடுவார்கள். 1,000 அடி போர் என்றால் ஹெட் 1,000 அடி இல்லை. ஓடும்போது நிற்கிற நீர்மட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், பைப் உராய்வை அதோடு சேர்க்க வேண்டும். இதைப் புரிய வைக்க உங்களுக்கு எப்படியும் அரை வகுப்பு போகும். அது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்தானே, சிலபஸுக்கு வெளியே போகவில்லை.

அடுத்து உட்பிரிவு. எஃபிஷியன்சியை 40இலிருந்து 50 ஆக்கினால் 84 யூனிட். சொட்டுநீரில் தண்ணீரைப் பாதியாக்கினால் 52. மழைநீர் ஏரியில் நின்று நீர்மட்டம் 150இலிருந்து 100 மீட்டருக்கு ஏறினால் 70. மூன்றும் சேர்ந்தால் 28. இதில் முதலாவது மெக்கானிக்கல்காரன் வேலை, இரண்டாவது விவசாயப் பொறியாளர் வேலை, மூன்றாவது சிவிலும் ஊரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒரு துறை தனியாக நின்று 28க்கு வர முடியாது என்பதைக் கணக்கே காட்டிவிடும். யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று நம் நாட்டு மின்தொகுப்புக்கு எடுத்துக்கொண்டு அதையும் ஒரு வரியில் போடச் சொல்லலாம். ஆனால் அது இரண்டாம்பட்சம். நம் மாவட்டத்தில் முதலில் தண்ணீர்.

இதை விவசாயிகளின் இலவச மின்சாரத்தைக் குறை சொல்கிற வகுப்பாக மட்டும் மாற்றிவிடாதீர்கள் அம்மா. பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டுபடியாகாமல் காட்டிலேயே விடுகிற குடும்பத்துப் பிள்ளை உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா செய்தது தவறு என்று அது புரிந்துகொண்டால் நாம் நடத்தியது வீண்.

தனிப்பாடம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எம்.சி. மேத்தா வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியில் கட்டாயமாக்கச் சொன்னது. நல்ல நோக்கம், நல்ல தீர்ப்பு. அது நம்மிடம் வந்து சேர்ந்தபோது தனி ஒரு பேப்பராகிவிட்டது. பிறகு 2014இல் இந்தியா, பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானது, பி.ஓ. பட்டியலுக்கு மதிப்பு கூடியது. அந்தப் பட்டியல் கேட்பது தனிப் பேப்பரை இல்லை. பொறியாளன் தான் செய்கிற வேலையின் விளைவைத் தானே கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதனால் நீங்கள் செய்ய நினைப்பது ஃபைலுக்கும் பொருந்தும், பயப்பட வேண்டாம்.

பதில் 2: ஓசூர் மெயின்டனன்ஸ்

மேடம், நான் சிப்காட்டில் ஒரு ஆட்டோ பாகங்கள் தயாரிக்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். சார் சொன்ன பம்ப் கணக்கு அருமை. கம்ப்ரசருக்கு நான் ஒன்று தருகிறேன், தெர்மல் எடுப்பவருக்குக் கொடுங்கள்.

காற்று லைனில் 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை. வெளியேறும் காற்று நொடிக்குச் சுமார் 10 லிட்டர். அதை அழுத்திக் கொடுக்க கம்ப்ரசர் எடுப்பது ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். வருடத்துக்கு 6,000 மணி நேரம் லைன் உயிரோடு இருந்தால் 21,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். ஒரு ஓட்டைக்கு. பிடிப்பதற்கு வேண்டியது சோப்புத் தண்ணீரும், ஞாயிற்றுக்கிழமை மெஷின் எல்லாம் நின்ற பிறகு கிடைக்கும் அமைதியும்தான்.

புதிதாக வருகிற பையன்களுக்கு ஐசோதெர்மல், அடியாபாட்டிக் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஷாப் ஃப்ளோரில் உஸ்ஸென்று சத்தம் கேட்டால் அது பணம் என்று தோன்றுவதில்லை. உங்கள் லேபிலேயே கம்ப்ரசர் இருக்கும். சாயங்காலம் வால்வுகளை மூடிவிட்டு டேங்க் அழுத்தம் 7இலிருந்து 6க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் கொள்ளளவு தெரிந்தால் கசிவு அளவு வந்துவிடும். செலவே இல்லாத பரிசோதனை. நானே இங்கே அதைத்தான் செய்கிறேன்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்கி வருவதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் எஃப்ளுவென்ட் (கழிவுநீர்) என்ற சொல்லைத் தேர்வு எழுதி முடித்ததோடு மறந்துவிட மாட்டார்கள். ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

பதில் 3: கிருஷ்ணகிரி, இறுதியாண்டு சிவில்

மேம், சார், அண்ணா, எல்லோருக்கும் வணக்கம். நான் மாணவி. இந்தத் திரியைப் படித்துவிட்டுக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் துறையில் நிலைத்தன்மை என்றாலே கிரானைட் பவுடர் போட்ட கான்கிரீட்தான். மாவட்டத்தில் குவாரியும் பாலிஷிங் யூனிட்டும் நிறைய, கழிவும் நிறைய, அதனால் எல்லா பேட்ச்சும் அதையே எடுக்கிறது. ஆறு க்யூப் (சோதனைக்கான கான்கிரீட் கட்டி) ஊற்றி, 28 நாள் கழித்து உடைத்து, ரிப்போர்ட் போட்டு முடித்துவிடுவோம். பாதிப் பேர் அதைக்கூடச் செய்வதில்லை. பெரிய ஊரில் இருக்கும் புராஜெக்ட் சென்டரில் பணம் கட்டினால் ரிப்போர்ட், பி.பி.டி., வைவா கேள்வி பதில் வரை தருகிறார்கள். கிரானைட் தூசியை அள்ளி நுரையீரலில் வாங்குகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி விலைக்கு வாங்கிய ரிப்போர்ட்டைக் கொடுப்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

நான் சிமென்ட்டில் 20 சதவீதத்தை எடுத்துவிட்டுக் கிரானைட் பவுடர் போடலாம் என்று இருக்கிறேன். இது சரியான புராஜெக்ட்டா, இல்லை பேருக்குத்தானா?

பதில் 4: காரிமங்கலம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

பாப்பா, சிமென்ட்டுக்குப் பதில் வேண்டாம். கிரானைட் பவுடர் நனைந்தால் இறுகும் பொருள் இல்லை, சுண்ணாம்போடு சேர்ந்து வினை புரியவும் செய்யாது. 20 சதவீதம் சிமென்ட்டை எடுத்தால் வலு இறங்கும்; அதை ஈடுகட்ட வேறு எதையோ கூட்ட வேண்டி வரும். அது மணலுக்குப் பதிலாக ஓரளவு போகலாம். மிக நைசாக இருப்பதால் தண்ணீர் அதிகம் கேட்கும், அதையும் கவனி. சிமென்ட்டைக் குறைக்க ஃப்ளை ஆஷ் (நிலக்கரி எரித்த நைஸ் சாம்பல்) இருக்கிறது. பக்கத்திலேயே மேட்டூர் அனல் மின் நிலையம். ஃப்ளை ஆஷ் சுண்ணாம்போடு வினை புரியும், அதனால்தான் பி.பி.சி. என்கிற கலப்பு சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சேர்க்க இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது.

சரி, இப்போது க்யூப் உடைப்பதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு கணக்கு. ஒரு டன் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு 800 முதல் 900 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அதில் பாதிக்கு மேல் சூளைக்கு எரித்த நிலக்கரியால் வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லே பிரிந்து விடுவது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 320 கிலோ சிமென்ட் என்றால் சுமார் 270 கிலோ. அதில் கால்வாசியை ஃப்ளை ஆஷ் ஆக்கினால் 68 கிலோ மிச்சம்.

உடனே எல்லோரும் கேட்பார்கள், மேட்டூரிலிருந்து லாரியில் வருவதற்கு டீசல் எரியாதா என்று. எரியும். போட்டுப் பார். 100 கிலோமீட்டர், 20 டன் லாரி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர், காலியாகத் திரும்புவதையும் சேர்த்து 50 லிட்டர். லிட்டருக்கு 2.7 கிலோ என்றால் 135 கிலோ, 20 டன்னுக்கு. உனக்கு வேண்டிய 80 கிலோ ஃப்ளை ஆஷின் பங்கு அரை கிலோ. 68 எங்கே, அரை எங்கே? எந்த எண் பெரியது, எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று கண்டுபிடிக்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பு. உன் புராஜெக்ட்டில் இதுவே ஒரு அத்தியாயமாக வரட்டும். கிரானைட் பவுடரை மணல் பக்கம் வைத்துக்கொள். பாலிஷிங் யூனிட் போகும்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு போ.

பதில் 5: ஊத்தங்கரை, ஐ.டி.

நல்ல விஷயம்தான். ஆனால் வேலை கிடைக்க வேண்டாமா? நம் பகுதிப் பிள்ளைகள் இங்கிலீஷிலும் கோடிங்கிலும் பின்தங்கியிருக்கிறார்கள். கேம்பஸ் இண்டர்வியூவில் ஏரி, போர் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கிடைக்கிற கொஞ்ச நேரத்தை இங்கிலீஷிலும் கோடிங்கிலும் செலவு செய்தால் தேவலை.

பதில் 6: ஓசூர் மெயின்டனன்ஸ்

அண்ணா, நான் இண்டர்வியூ பேனலில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வாடிக்கையாளர் கம்பெனிகள் இப்போது ஒரு பாகம் செய்ய எவ்வளவு மின்சாரம், எவ்வளவு தண்ணீர் என்று எங்களிடம் கணக்குக் கேட்கின்றன. அந்த அட்டவணையை நிரப்பத் தெரிந்த ஆள் எங்களுக்குத் தேவை. "எங்கள் லேப் கம்ப்ரசரில் கசிவு இவ்வளவு இருந்தது, அடைத்தேன், பிறகு இவ்வளவு" என்று ஒரு பையன் தமிழில் சொன்னாலும் நான் எடுப்பேன். இங்கிலீஷ் ஆறு மாதத்தில் வந்துவிடும்.

கேட்டவர்: பாலக்கோடு ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. சார், உங்கள் 105 யூனிட் கணக்கை அப்படியே முதல் அசைன்மென்ட்டாக வைக்கிறேன். ஒரே ஒரு மாற்றம்: நீர்மட்டத்தையும் மோட்டார் ஹெச்.பி.யையும் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்தோ, போர் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டிலிருந்தோ கேட்டு வர வேண்டும். ஆளுக்கு ஒரு விடை வரும், காப்பியடிக்கவும் முடியாது.

நீங்கள் சொன்ன வழியில் யோசித்து நானும் ஒன்று செய்து பார்த்தேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் ஃபுளோரைடு கறை இருக்கிறது. இந்தப் பாறையில் தண்ணீர் வெகுநாள் தங்கினால் ஃபுளோரைடு கரைந்து ஏறிவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது தரநிலை. எங்கள் ஹாஸ்டலில் போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. வைத்திருக்கிறார்கள். உள்ளே 3 மில்லிகிராம் உள்ள தண்ணீர் 100 லிட்டர் போகிறது, 40 லிட்டர் நல்ல தண்ணீராக 0.2 மில்லிகிராமோடு வருகிறது என்று வைத்து மாஸ் பேலன்ஸ் (உள்ளே போனதும் வெளியே வந்ததும் சரிபார்க்கும் கணக்கு) போட்டேன். மொத்தம் 300 மில்லிகிராமில் நல்ல தண்ணீரில் போனது 8. மீதி 292 மில்லிகிராமும் வெளியே தள்ளுகிற 60 லிட்டரில், லிட்டருக்கு 4.9. அது போய்ச் சேருவது தென்னை மரத்தடி. அங்கிருந்து மண்ணுக்குள், பிறகு போருக்கு.

ஃபுளோரைடு எங்கேயும் போகவில்லை, இடம் மாறி அடர்த்தியாகியிருக்கிறது. கன்டினியூட்டி ஈக்வேஷன் (உள்ளே போன அளவு வெளியே வந்தாக வேண்டும் என்கிற சமன்பாடு) நடத்துகிற அன்றைக்கே இதையும் போடலாம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரை இவ்வளவு தூரம் தூக்கிக் கொண்டுவந்தது ஏன், ஊருக்கு ஒரு ஆர்.ஓ. வைத்தால் போதாதா என்று கேட்டால் பிள்ளைகளே பதில் சொல்லட்டும். அந்தப் பதிலில் பம்பிங் மின்சாரத்தையும் சேர்க்கச் சொல்வேன்.

இன்னொரு யோசனை, கெமிக்கலிலோ பயோடெக்கிலோ யாராவது இருந்தால் உதவுங்கள். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி கூழ்த் தொழிற்சாலைகளில் தோலும் கொட்டையும் மலையாகக் குவிகின்றன. பயோகேஸ் எடுக்கலாம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பழக்கழிவு சீக்கிரம் புளித்து அமிலமாகிவிடும், ஒரேயடியாகப் போட்டால் மீத்தேன் வருவது நின்றுபோகும் என்பது தெரியும். என் சந்தேகம் வேறு. சீசன் இரண்டு மூன்று மாதம். மீதி மாதங்களில் அந்த டைஜெஸ்டருக்கு (கழிவு நொதிக்கும் பயோகேஸ் தொட்டிக்கு) என்ன போடுவது? விலை விழுந்த தக்காளியா, மரவள்ளித் திப்பியா, சாணமா? எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்று ஒரு வருட அட்டவணை போட்டு, அதற்கேற்ற டைஜெஸ்டர் கொள்ளளவைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் பார்த்த எந்தப் புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் இந்தக் கேள்வி இல்லை.

எச்.ஓ.டி.யிடம் மேப்பிங்கில் 2 என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஆதாரம் கேட்டால் அசைன்மென்ட் தாள்களைக் காட்டுவேன்.

பதில் 7: காரிமங்கலம், ஓய்வு பெற்ற ஆசிரியர்

வீட்டுக்கு வீடு அளக்கச் சொல்வது மிக நல்லது அம்மா. அளக்கிற முறையையும் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள். 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு நேராக வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று பார்த்தால் டிஸ்சார்ஜ் கிடைக்கும். மோட்டார் போட்டவுடன் அளக்கக் கூடாது. அரை மணி நேரம் ஓடி நீர்மட்டம் இறங்கி நின்ற பிறகு அளக்க வேண்டும். நிறைய விவசாய இணைப்புகளில் மீட்டர் இருக்காது, அதனால் மின்சாரத்துக்கு, கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர்தான் வழி. மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் பார்த்து, பவர் ஃபேக்டர் 0.8 என்று வைத்துக்கொண்டால் வகுப்புக் கணக்குக்குப் போதும்.

அந்த டாங் டெஸ்டரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டி ஈரக் காட்டில் இருக்கும், பாதிப் பெட்டிக்குக் கதவே இருக்காது. ஊர் எலக்ட்ரீஷியன் பிடித்துக் காட்டட்டும், பிள்ளைகள் தள்ளி நின்று எண்ணை எழுதிக்கொள்ளட்டும். இதைத் தாளின் முதல் வரியாகப் போடுங்கள்.